துளை எண் ஏழு

ஐம்பத்துநான்கு மில்லிமீட்டர் எஃகு உருளை.
இரு முனையிலும் மெழுகு.
"துளை ஏழு, ஆழம் ஒன்பது மீட்டர், மேல் இந்தப் பக்கம்"
குட்லைக் பென்சிலால் எழுதியிருக்கிறான்.
வேனில் மடியிலேயே வைத்து வந்தானாம்,
ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்தபடி.

மெழுகைக் கீறி மெல்ல வெளியே தள்ளுகிறேன்.
நீலம் கலந்த சாம்பல். வழவழப்பு. குளிர்.
நடுவில் ஒரு சிப்பி, சுண்டுவிரல் நகமளவு.
பத்தாயிரம் ஆண்டுக்கு முன் இது கடலடி.
பனிப்பாறையின் பாரம் இறங்கியதும்
நிலம் முதுகை நிமிர்த்தி எழுந்துகொண்டது.
ஃபியோர்டு கீழேயே தங்கிவிட்டது.
இப்போது இதன் தலைமேல் உருளைக்கிழங்கு.

கூம்பை விடுவிக்கிறேன்.
முனை ஏழு மில்லிமீட்டர் இறங்கி நிற்கிறது.
நல்ல மண்தான், வீடு கட்டலாம் என்று
அவசரக்காரன் கையெழுத்துப் போட்டுவிடுவான்.
அதே மண்ணைக் கிண்ணத்தில் போட்டு
ஒரு நிமிடம் கிண்டினேன்.
சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை.
மோராகிவிட்டது.
மறுபடி கூம்பு:
இறங்கி, இறங்கி,
அடித்தட்டில் டங்கென்றது.

எய்லர்ட் புதன்கிழமை வந்தார்,
கக்கத்தில் சுருட்டிய வரைபடம்,
சட்டையில் புகையிட்ட சால்மன் வாசனை.
"நாற்பது வருஷமா டிராக்டர் ஓடுற வயல் அது.
என் குளிர்கிடங்கை மட்டும் தாங்காதா?"

நான் வாதாடவில்லை.
கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு
அவர் வயலை ஊற்றிக் காட்டினேன்.

சீட்டுக்கட்டு வீடு மாதிரி, ஐயா,
சல்லிசான தகடுகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கின்றன.
கட்டிப் பிடித்திருந்தது கடலின் உப்பு.
மழையும் ஊற்றும் நன்னீராய் உள்ளே நுழைந்து
அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்
கேட்காமலே எடுத்துப் போய்விட்டன.
உப்பு போனது வீட்டுக்குத் தெரியாது.
யாராவது உலுக்கும்வரை.

சாப்பாட்டறை உப்புக் குப்பியிலிருந்து
ஒரு சிட்டிகை போட்டுக் கிண்டினேன்.
மோர் தயங்கியது. தடித்தது.
கரண்டி தானாக நின்றது.
அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்போ எத்தனை மூட்டை உப்பு வேணும்?"

சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டேன்,
அசட்டுக் கேள்வி இல்லை அது.
கிணறு இறக்கி உப்பு நிரப்புகிறவர்கள் உண்டு.
ஆனால் களிமண்ணுக்குள் உப்பு நடக்கிற நடை
மூன்று ஆண்டுக்கு ஒரு முழம்.

வரைபடத்தைச் சுருட்டியவர்
கதவருகே திரும்பினார்.
"சரிவு விளிம்புல
மூணு லாரி மண்ணு கொட்டிட்டேன்.
போன வாரம். தரையை மட்டப்படுத்த."

ரக்ன்ஃப்ரிட் தொலைபேசியில் ஒரே ஒரு சொல் சொன்னாள்,
அதை இங்கே எழுத முடியாது.

அன்றிரவு கீழ்ச்சரிவின் நான்கு வீட்டாரும்
போர்வையும் பூனையுமாய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.
இருப்பதிலேயே சின்ன எந்திரம்.
அரை வாளி, அரை வாளியாக,
பின்பக்கத்திலிருந்து மட்டும்.
லாரியைச் சரிவுக்கு அருகே விடவில்லை.
குட்லைக் நீரழுத்தமானியின் முன் குத்தவைத்து
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சொன்னான்.
கதவைக்கூட யாரும் அறைந்து சாத்தவில்லை.
எய்லர்ட் கையுறை போடாமல் நின்றார்;
யாரும் போடச் சொல்லவில்லை.

நாலரை மணிக்குக் கடைசி வாளி.
சரிவு ஒன்றும் செய்யவில்லை.
செய்திருக்குமா என்றும் தெரியாது,
இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை.
அறிக்கையில் என் பங்கு ஒரே வரி:
"பாரம் நீக்கப்பட்டது. அசைவு இல்லை."

மதியம் சாப்பாட்டறையில்
சூப்பில் உப்பில்லை என்று சத்தம்.
குப்பியை யார் எடுத்தது?
என் மேசையில்தான் இருக்கிறது,
மூடியில் நீலச் சாம்பலாய்
ஒரு விரல் தடம் காய்ந்தபடி.